அரைக்கதவுக்கு இந்தப் பக்கம்

“நாலு வருசம் கீழ போய்ப் படிச்சே, சரி. அதுக்கு மேல நம்ம ஆளுங்களுக்கு ஆவாது. தீபாவளிக்குள்ள மூட்டையோட திரும்பி வர்றியா இல்லியா, பாரு.”

சொன்னவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். மலைமேல் எங்கள் காவலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முதுகலை சேரப் புறப்பட்ட நாள் அது. எண்பதுகளின் தொடக்கம். என் தகரப் பெட்டியை பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டிருந்த ஆள்கூடச் சிரித்தான்.

“பொண்ணு பயந்துடப் போவுது, சும்மா இருய்யா” என்றார் டீக்கடைக்காரர்.

“பயந்தா நல்லதுதானே, இப்பவே எறங்கிடும்” என்றார் மாமா.

நான் இறங்கவில்லை. பஸ் திரும்பும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா கெட்டவர் இல்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் நிலத்தை உழுது கொடுத்தவர் அவர்தான். அவர் மகனுக்கு என்னைக் கேட்பார் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். நான் பட்டம் வாங்கும்வரை அந்தப் பேச்சை அம்மா தள்ளிப்போட்டாள். பட்டம் வந்த பிறகு சொல்ல அவளிடம் காரணம் எதுவும் மீதியில்லை, நான் மேலே படிக்கப் போகிறேன் என்பதைத் தவிர. நான் திரும்பி வந்தால் அந்தக் காரணமும் போய்விடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் குனிவதில்லை. மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் தரையில் படுத்து, கீழே கல்லூரி விடுதியில் மற்றப் பெண்கள் என் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரித்ததைக் கேட்டுக்கொண்டு வாங்கிய பட்டம் அது.

முதுகலை சேரப் போகிறவளுக்கு எல்லாரும் புத்தி சொன்னார்கள். சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள். மெஸ் சாப்பாடு இறங்காது, ஊறுகாய் கொண்டு போ. நூலகத்தில் புத்தகம் மற்றவர்கள் எடுப்பதற்கு முன் எடுத்துவிடு. பெட்டிக்கு நல்ல பூட்டாக வாங்கு. எல்லாமே பயன்பட்டன. ஊறுகாய் மிகவும் பயன்பட்டது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பட்டப்படிப்பில் ஆசிரியர் நம்மிடம் வருவார். மணி அடித்தால் வகுப்புக்குள் நுழைவார், பாடம் சொல்வார், போய்விடுவார். முதுகலையில் நாம்தான் ஆசிரியரிடம் போக வேண்டும். போய், நான் இன்னார், எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் பாதிப் படிப்பு வகுப்பு, பாதி ஆய்வு. ஆய்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு வழிகாட்டியைத் தேடிக்கொள்ள வேண்டும். தீபாவளி விடுமுறை முடிந்து துறை திறக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமை, யாருக்கு யார் வழிகாட்டி என்ற விவரம் துறைத் தலைவரிடம் போகும். அதில் பெயர் இல்லாதவளின் இடம், வெளியே காத்திருக்கும் வேறு ஒருவருக்குப் போய்விடும். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

யாரிடம் சேர வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. மலைத் தாவரங்களைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர், ஒருநாள் தாளில் ஒட்டிய காய்ந்த புல் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது ஜவ்வாது மலைச் சரிவுல எடுத்தது” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார். என் மலையின் பெயரை ஒரு வகுப்பறையில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவர் அறைக்குப் போனேன். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது அந்த அறை. வாசலில் காற்று வருவதற்காக, மேலேயும் கீழேயும் திறந்த அரைக்கதவு. நான் செருப்பைத் தாழ்வாரப் படியிலேயே கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே ஓரமாக நின்று, மெதுவாகத் தொண்டையைச் செருமினேன்.

எங்கள் ஊரில் இன்னொருவர் வீட்டுக்கு அப்படித்தான் போவோம். செருப்போடு அடுத்தவர் வாசலை மிதிக்க மாட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கதவைத் தட்டுவது சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் மட்டும்தான். ஏதாவது கேட்க வந்தவர் வாசல் ஓரத்தில் நிற்பார். வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்றால் “இன்னா நிக்கிறே, உள்ள வா” என்பார். சம்மதம் இல்லையென்றால் பார்க்காததுபோல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். கேட்டவரும் வாய்திறந்து கேட்கவில்லை, மறுத்தவரும் வாய்திறந்து மறுக்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் ஒரே களத்தில் கூச்சமில்லாமல் வேலை செய்யலாம். எனக்கு அது நல்ல வழக்கமாகத்தான் இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று அவர் கூப்பிடவில்லை. வேலையில் இருக்கிறார் என்று நினைத்து, வகுப்பு மணி அடித்ததும் போய்விட்டேன். மறுநாளும் நின்றேன். உள்ளே தாள் திரும்பும் சத்தம், தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. ஏதோ ஒரு ராகத்தை வாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்கப் போனேன். என்னோடு படித்த பையன்கள் வருவார்கள், கதவை ஒரு தள்ளு தள்ளி “குட் மார்னிங் சார்” என்று உள்ளே போவார்கள். என்ன அவசரம் இவர்களுக்கு, என்ன வளர்ப்பு இது என்று எனக்குக் கோபம் வரும். அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மறுத்த பிறகும் வந்து நிற்பது எங்கள் ஊரில் மானங்கெட்ட வேலை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? பதில் வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்களின் வாசலில் போய் நிற்கவும் மனம் வரவில்லை. ஒருவர் மறுத்தது மற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். தாழ்வாரத்தில் எந்த ஆசிரியர் எதிரே வந்தாலும் சுவரோரம் ஒதுங்கிப் போனேன். இரவில் தூக்கம் வராது. மாமா சொன்ன தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

என் அறைத்தோழி எங்கள் மலைக்குக் கிழக்கே அடிவாரத்துச் சந்தவாசல் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். வரலாறு படித்தாள். படுக்கையில் உட்கார்ந்தபடியே ஊர்ச்சண்டை முழுவதையும் நடித்துக் காட்டக்கூடியவள். விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள்தான் கேட்டாள்.

“ஏண்டி, உனக்கு யாரு வழிகாட்டி? வாயே தெறக்க மாட்றே.”

“அவரு ஒத்துக்கல.”

“இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. கூப்பிடல.”

“கூப்பிடலையா? நீ போய் இன்னா கேட்டே?”

நின்றதைச் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டிருந்த மூட்டையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஐயோ என் மலைராணி! கதவத் தட்டலியா நீ? வாசல்ல நின்னு செருமினா அந்தாளு உனக்கு இருமல்னு நெனைச்சிருப்பாரு!”

“அவருக்குத் தெரியும். கதவுக்குக் கீழ என் காலு தெரியும். பார்த்துட்டுத்தான் கூப்பிடல. அதான் பதிலு.”

“அது உங்க ஊரு பதிலுடி. இங்க அது பதிலே இல்ல.”

நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவள் சொன்னது சரியா தவறா என்று யோசிக்கக்கூட இல்லை. சந்தவாசல் வரை ஒன்றாகப் போகலாம் என்று சொல்லியிருந்தாள். நான் திருப்பத்தூர் வழியாகவே போய்க்கொள்கிறேன் என்று தனியாகக் கிளம்பிவிட்டேன்.

ஊரில் சாமை அறுப்பு முடியும் நேரம். அம்மா களத்திலிருந்து வந்ததும் கை கழுவாமலே கேட்டாள்.

“உங்க சாரு ஏத்துக்கிட்டாரா?”

“இன்னும் கூப்பிடலம்மா.”

அம்மாவுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. எத்தனை நாள் நின்றாய் என்று கேட்டாள். சொன்னேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “அப்ப வேற வூடு பாரு” என்றாள். அவ்வளவுதான். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் களிக்கு உலை வைக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வெறுங்கையாக, எங்கள் வாசல் ஓரத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். பரிசம் பேச வருகிற ஆள் அப்படித்தான் வருவார். அம்மா வாசலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கதவோரத்தில் இருந்தேன். அவர் என்னைப் பார்க்க முடியாது. நான் இரண்டு பேரையும் பார்க்கலாம்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்தும் அவள் மாட்டேன் என்கிறாள். உழுது கொடுக்கிற அண்ணனிடம் மாட்டேன் என்கிறாள். அந்தப் படிப்பு ஏற்கெனவே கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது மூன்று பேரில் எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும்.

மாமாவின் நிழல் வாசலில் நீளமாக விழுந்து முறத்தின் விளிம்பைத் தொட்டது. அம்மா அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறம் எப்போதும்போல் சீராகத் தட்டவில்லை. தாளம் தப்பியது. உமியோடு சாமையும் பறந்து மண்ணில் விழுந்தது. அம்மா சாமையை மண்ணில் விடுகிறவள் இல்லை. கழுத்து நரம்பு இறுகியிருந்தது. ஒருவர் நிற்பது தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் உள்ளேயிருந்து பார்த்தேன். அதுவரை நான் வெளியே நின்றுதான் பழக்கம்.

அப்போது எனக்கு அந்தப் பேராசிரியர் வாய்க்குள் இழுத்த ராகம் நினைவுக்கு வந்தது. கோப்பையை வைத்த சத்தம். ஒருநாள் அவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது. மறுக்கிறவன் பாட்டுப் பாட மாட்டான். வாசலில் ஆள் நிற்பது தெரிந்து, அதைத் தெரியாததுபோல் காட்டுகிறவனுக்குக் கொட்டாவி வராது. அவர் என்னை மறுக்கவே இல்லை. நான் அங்கே எதற்கு நின்றேன் என்பதே அவருக்குத் தெரியாது.

இதற்குள் வெளியே மாமா, எங்கள் ஊரில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வாசலைத் தாண்டி உள்ளே வந்து, முறத்துக்கு முன்னால் நின்று, உரக்கக் கேட்டார்.

“இன்னா தங்கச்சி, கண்ணு தெரியலயா உனக்கு? நிக்கறன் இல்ல? உண்டா இல்லையா, வாயத் தெறந்து சொல்லு.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

“வாயால சொன்னாத்தான் உனக்கு ஆவுமா?”

“ஆமா. எனக்கு வயசாவுது. தினம் வந்து நிக்க முடியாது.”

“அவ படிக்கிறா. படிப்பு முடியட்டும். அதுக்கப்புறம் அவளையே கேளு.”

“எப்ப முடியும்?”

“அது எனக்கு இன்னா தெரியும்? உள்ளதான் இருக்கா. வூட்டுக்குள்ள ஒளிஞ்சிட்டு கேட்டுட்டுத்தான் இருப்பா.”

மாமா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அங்க உன்ன வெச்சிப்பாங்களா, இல்ல தொரத்திடுவாங்களா? அதையாவது சொல்லு.”

நான் வெளியே வந்தேன். “தெரியல மாமா. இன்னும் கேக்கல. போய்த்தான் கேக்கணும்” என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாமா, “கேக்காமயே இத்தினி நாளு இன்னா பண்ணே, மாடு மேய்ச்சியா?” என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் களத்தில் இரண்டு பேரும் வைக்கோலைப் பற்றி எப்போதும்போல் சண்டை போட்டார்கள்.

மீதி விடுமுறையை நான் சாமைக்காட்டில் கழித்தேன். வெறும் கையோடு போய்க் கேட்பதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கேட்கப் போகிறவள் ஏதாவது கொண்டுபோக வேண்டும். எனக்குத் தெரிந்த தாவரங்கள் என்றால் சாமைக்காட்டுக் களைகள்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு குனிந்து பிடுங்கியவை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, தும்பை, கோரை, ஊரில் பெயர் வைக்கப்படாத சிறு செடிகள். எங்கள் ஊரில் இருந்த வான ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் படித்துவிட்டுப் போட்ட பழைய செய்தித்தாள்களை டீக்கடைக்காரரிடம் வாங்கி, தாளுக்குத் தாள் செடியை விரித்து வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன்.

“நாங்க புடுங்கி எறியறத நீ பட்டணத்துக்கு மடிச்சு எடுத்துட்டுப் போறியா?” என்றாள் அம்மா. “அதுக்கு இங்க ஏன் அம்மியத் தூக்கி வெச்சே? மொளகாய எதுல அரைக்கிறது, உன் தலையிலயா?”

ஊரிலிருந்து விடுதிக்குத் திரும்பிய இரவு, அறைத்தோழி அவள் வீட்டுப் பலகாரத்தை என் கட்டில் மேல் வைத்தாள். “நாளைக்குத் தட்டப் போறேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு வெரல மடக்கிக்கோ, இப்படி” என்று கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினாள்.

காலையில் செருப்பைக் கழற்றாமல் போனேன். அரைக்கதவின் சட்டத்தில் தட்டியபோது எனக்கே சாவு வீட்டு ஞாபகம் வந்தது. “வாங்க” என்று உடனே குரல் வந்தது. அவ்வளவு சுலபமாக.

என் ஊரையும் வந்த காரியத்தையும் சொன்னேன்.

“அடடா, லேட்டா வந்துட்டீங்களேம்மா. விடுமுறைக்கு முன்னாடியே என்கிட்ட இருந்த இடமெல்லாம் முடிஞ்சுபோச்சு. இத்தனை நாள் எங்க இருந்தீங்க?”

“வெளில நின்னேன் சார்.”

“எந்த வெளில?”

“இந்தக் கதவுக்கு வெளில சார். காலைல காலைல.”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு கதவுக்குக் கீழே தெரிந்த தாழ்வாரத் தரையைப் பார்த்தார்.

“வெறுங்காலோட நின்னது நீங்களா? நான் பெருக்கற அம்மா கிளார்க்குக்காகக் காத்திருக்காங்கன்னு நினைச்சேன். ஒரு தட்டு தட்டியிருந்தா எடுத்திருப்பேனேம்மா. மலைப் பொண்ணு வேற.”

பார்த்திருக்கிறார். பார்த்தும் தெரியவில்லை. பெருக்குகிறவர் என்று நினைத்ததில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. என் அம்மா நடப்பதும் வெறுங்காலோடுதான். ஆனால் பெருக்குகிற அம்மா ஒரு வாரம் வாசலில் நின்றால், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டாமா என்று அவரிடம் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அப்போது “எடுத்திருப்பேனே” என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. விடுமுறைக்கு முன்னால் ஒரே ஒரு தட்டு.

மாடியில் ஒரு மேடம் இருக்கிறார், அவரிடம் இடம் இருக்கலாம், ஆனால் கொஞ்சம் கடுமை, யாரும் போகமாட்டார்கள் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியருகே கண் கலங்கியது. அங்கே நின்று அழுதால் அழுதுகொண்டே இருப்பேன் என்று தெரிந்தது. அம்மா சொன்ன வேற வூடு மாடியில் இருந்தது. ஏறினேன்.

அது முழுக்கதவு. மூடியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. எங்கள் ஊர்க்கணக்கில் அதோடு முடிந்தது. இரண்டாவது முறையும் தட்டினேன்.

“ஒரு தடவை தட்டினா எனக்குக் காது கேக்காதா? உள்ள வா.”

மேடம் உருப்பெருக்கியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன வேணும்?”

“ஆய்வுக்கு வழிகாட்டி வேணும் மேடம்.”

“கீழ இல்லேன்னதும் மேல வந்தியாக்கும்?”

“ஆமா மேடம்.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “பொய் சொல்லலை. சரி. என்ன செய்யப் போறே?”

“சாமைக்காட்டுக் களை மேடம்” என்று மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தேன். நானே பெருமையாக அவிழ்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

முதல் தாளைத் திறந்ததும் ஈர வாடை அடித்தது. செடிமேல் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டாவதிலும் அப்படியே. மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“தாளை மாத்தலையா? ஈரம் உறிஞ்சின தாளைத் தினமும் மாத்தணும். யாரும் சொல்லலையா?”

“நான் யாரையும் கேக்கல மேடம்.”

“வேரெல்லாம் எங்க?”

“வெட்டிட்டேன் மேடம். மண்ணா இருந்துச்சு.”

“காலை வெட்டிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கே.” தாள்களை மூடினார். “இதுல எதுவும் உதவாது. ஆனா இந்தக் களையை இங்க யாரும் ஒழுங்காப் பார்க்கலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பேர் கொடுக்கணும். அதுக்குள்ள வேரோட, பூவோட எடுத்துட்டு வா. பார்க்கறேன். ஒப்புக்கிட்டேன்னு சொல்லலை. பார்க்கறேன்னுதான் சொன்னேன், புரியுதா?”

புரிந்தது. வாயால் சொல்லப்பட்டதால் நன்றாகவே புரிந்தது.

இதுபோல் படிக்க வருகிற எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். நம் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது பதில். இங்கே பேசாமல் இருப்பவர் அநேகமாக உங்களைக் கவனிக்கவே இல்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று இரவெல்லாம் படுத்து யோசிக்காதீர்கள். போய்க் கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த வார்த்தையை அவர் வாயாலேயே வாங்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள்.

அன்று மாலையே ரயில் ஏறினேன். செடியை வைத்து அழுத்திக் கட்ட மேடம் கொடுத்த இரண்டு மரச்சட்டமும் வாரும், தாள்கட்டும் கையில் இருந்தன. விடியற்காலை திருப்பத்தூர் வந்து, முதல் பஸ் பிடித்து, காவலூரில் இறங்கினேன். மாமா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா, மூட்டையோட வந்துட்டியா? நான் சொன்னனா இல்லியா?” என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“தீபாவளிக்குள்ளன்னு சொன்னீங்க மாமா. தீபாவளி போய்டுச்சு” என்றேன்.

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். மாமா என் கையிலிருந்த மரச்சட்டத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். நின்று பதில் சொல்ல நேரமில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராகக் காட்டுக்கு நடந்தேன்.

அறுத்துவிட்ட சாமைக் கட்டை காலைக் குத்தியது. மேடம் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் இவை காயுமா என்றும் தெரியாது. பூவோடு நின்ற பண்ணைக்கீரை ஒன்றைப் பார்த்து, பக்கத்துக் காட்டு ஆளிடம் வாங்கிய களைக்கொத்தியை, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் இறக்கினேன். சுற்றிலும் தோண்டி, இரண்டு கையாலும் மண்ணோடு தூக்கி, வாய்க்கால் தண்ணீரில் அலசினேன். நுனிவேர்வரை அறுபடாமல் இருந்தது. அதை முதல் தாளில் விரித்துவிட்டு இரண்டாவது செடிக்குக் குனிந்திருந்தபோதுதான், மாமா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும், வாய்க்கால் கரைமேல் நின்று அம்மா என்னைக் கூப்பிடுவது கேட்டது.